புரட்டாசிக்கு முந்தைய சனிக்கிழமை

என் கணவருக்கு இரண்டைக் கண்டால் ஆகாது. ஒன்று பே பிரிட்ஜ், இன்னொன்று நண்டு. மேரிலாந்தில் குடியிருந்துகொண்டு, சனிக்கிழமை காலையில் குடும்பத்தோடு காரில் கிளம்புகிற மனிதருக்கு இரண்டிடமிருந்தும் தப்ப வழியில்லை.

அனாபொலிஸ் தாண்டியதும் பாலம் வரும். ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர், பாம்பன் சாலைப் பாலத்தைப் போல மூன்று பங்கு. 1952இல் ஒன்று, 1973இல் பக்கத்திலேயே இன்னொன்று. அடியில் கப்பல் போக வேண்டுமென்று நடுவில் 186 அடி உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஒதுங்கி நிற்க ஓரம் கிடையாது. பயந்தவர்களின் காரைத் தாங்களே ஓட்டிக் கரை சேர்த்துவிட்டுக் காசு வாங்குகிறவர்கள்கூட உண்டு. கரூர்க்காரரான என் கணவர் கௌரவம் பார்த்து அவர்களைக் கூப்பிடுவதில்லை. பாலம் முடியும்வரை காரில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது மட்டும் அவர் போட்ட சட்டம். சுங்கம் கிழக்கே போகும்போது மட்டும்தான். பயத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு, திரும்பும் பயத்தை இலவசமாகத் தருகிறார்கள் என்பார்.

2023 ஏப்ரல் கடைசியில் நாகப்பட்டினத்திலிருந்து வந்த அம்மா அந்தச் சட்டத்தை முதல் பயணத்திலேயே மீறினாள். பாலத்தின் உச்சியில் கேட்டாள்: “மாப்பிள்ளை, இது கடலா, ஆறா?”

கரை வந்த பிறகுதான் பதில் வந்தது. “ரெண்டும்தான் அத்தை.”

சரியான பதில். வடக்கிலிருந்து சஸ்குவஹானா ஆறு வந்து விழுகிறது, தெற்கிலிருந்து அட்லாண்டிக் ஏறி வருகிறது. இரண்டும் கலந்து கிடப்பதுதான் செசபீக் விரிகுடா. பாலம் இறங்கும் கென்ட் தீவில் அம்மா விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “கூழுக்குப் போட்ட உப்பு அளவுக்குத்தான் இருக்கு” என்றாள். இங்கே உப்பு கடலில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு போலத்தான். நண்டின் வாழ்க்கையே இந்த உப்பைப் பொறுத்தது. உப்புக் குறைந்த வடபகுதியில் ஆண் நண்டு அதிகம். பெண் நண்டு வாழ்நாளில் ஒருமுறைதான் கூடும். அது முடிந்ததும் தெற்கே, வர்ஜீனியா முகத்துவாரத்தின் உப்பு நீருக்குப் போய்விடும். இந்த நீல நண்டுக்கு 1896இல் மேரி ராத்பன் என்ற விலங்கியலாளர் வைத்த பெயர் காலினெக்டஸ் சாபிடஸ். அழகாக நீந்துவது, சுவையானது என்று பொருள். சாபிடஸ் என்பது சாப்பிடு என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்று என் ஏழு வயதுப் பையன் வகுப்பிலேயே சொல்லிவிட்டு வந்தான். நான் மறுக்கவில்லை.

ஊரிலிருந்து பெற்றோரை வரவழைக்கிறவர்கள், விசாவில் கிடைக்கும் ஆறு மாதத்தைக் குளிர் விட்டதும் தொடங்கி, குளிர் வருமுன் முடியும்படி வெட்டிக்கொள்வோம். இங்கே நண்டுக் காலமும் அதுதான். ஏப்ரலில் தொடங்கும், குளிர் இறங்கினால் நண்டு சேற்றுக்குள் புதைந்துகொள்ளும். ஆக அம்மாவின் விசாவும் நண்டும் ஒரே கணக்கில் ஓடின.

நாங்கள் மீனவக் குடும்பம் இல்லை. நண்டைப் பற்றி அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் வாசலுக்கு வரும் மீன்கூடைக்காரம்மாவிடம் நாற்பது வருடம் பேரம் பேசிக் கற்றது. பௌர்ணமிக்கு நண்டு வாங்காதே, உள்ளே தண்ணீர்தான் இருக்கும். அமாவாசையை ஒட்டி வாங்கு. அதிலும் அமாவாசையன்று வீட்டில் கவிச்சி கூடாது, எனவே மறுநாள். இதை நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன், நம்பியதில்லை. பொருளாதாரம் படித்தவள் நான். கூடைக்காரம்மா மாதம் முழுவதும் விற்கத்தானே செய்தாள்?

அந்த ஜூலை 4 விடுமுறைக்கு, முதல் தேதி சனிக்கிழமை, சாலையோரம் ஒரு கடையில் ஒரு டஜன் 70 டாலர் என்று வாங்கினேன். ஐயாயிரத்து எழுநூறு ரூபாய் என்று பின்சீட்டிலிருந்து கணக்கு வந்தது. மூன்றாம் தேதி பௌர்ணமி என்ற அறிவிப்பும் அங்கிருந்தே வந்தது. வாங்கிய பிறகு என்ன செய்வது?

இந்த ஊர் நண்டுச் சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். மேசை முழுக்கப் பழுப்புக் காகிதம் விரிப்பார்கள். தட்டு இல்லை. உயிர் நண்டை ஆவியில் அவித்து, மேலே செங்கல் நிற மசாலாவை அப்பி, அப்படியே காகிதத்தில் கொட்டிவிடுவார்கள். ஆளுக்கொரு மரச் சுத்தியல், ஒரு சிறு கத்தி. பக்கத்தில் வெள்ளைச் சோளம். முள்கரண்டி இல்லாமல் சாண்ட்விச்சைக்கூடத் தொடத் தயங்குகிற என் அலுவலகத்துக்காரர்கள், முழங்கைவரை மசாலா வழிய மூன்று மணி நேரம் உட்கார்ந்து நண்டு பிய்ப்பதை முதலில் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அம்மாவுக்கு நிறையவில்லை. “கழுவாம, குடலை எடுக்காம அப்படியே அவிக்கிறதா?” என்றாள். அடுத்து, “மசாலாவை ஓட்டுல போட்டா சதைக்கு எப்படிப் போகும்?” நியாயமான கேள்வி. விரல் வழியாகத்தான் போகிறது. ஓட்டைப் பிய்க்கும் விரலில் மசாலா ஒட்டி, அந்த விரல் சதையை எடுக்கும்போது அதில் ஏறுகிறது. முள்கரண்டியால் சாப்பிட்டால் இந்த நண்டுக்கு ருசியே கிடையாது.

அந்த மசாலாவின் பெயர் ஓல்டு பே. மேரிலாந்துக்காரர் ஒருவரிடம் உங்கள் ஊரின் ருசி எது என்று கேட்டால் இந்த மஞ்சள் டப்பாவைத்தான் காட்டுவார். அதைக் கலந்தவர் குஸ்டாவ் பிரன், ஜெர்மனியிலிருந்து வந்த யூத அகதி. 1938இல் நாஜிகள் பிடித்துப் புகென்வால்ட் முகாமில் அடைத்தார்கள். வெளியே வந்தவர் மசாலா அரைக்கும் சிறு இயந்திரத்தோடு பால்டிமோர் வந்து, 1939இல் தொழில் தொடங்கினார். வந்து சேர்ந்த ஒருவர் அரைத்துத் தந்ததை, பிறந்து வளர்ந்தவர்கள் தங்கள் பாட்டி காலத்து ருசி என்கிறார்கள். அம்மா ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து, “மிளகு இருக்கு, கடுகு இருக்கு. சோம்பு போட மறந்துட்டார்” என்றாள்.

சரி, 70 டாலர் நண்டுக்கு வருகிறேன். அடிவயிற்று மடலை இழுத்து ஓட்டைத் திறந்தேன். உள்ளிருந்து தண்ணீர் காகிதத்தில் கொட்டியது. கொடுக்கை உடைத்தால் ஊறிய நூல்போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டில் ஒன்பது அப்படி. அம்மா ஒன்றும் சொல்லாமல் சோளத்தைக் கொறித்தாள். அவள் சொல்லாமலிருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு படகுத்துறையில் நண்டு விற்ற கிழவர் விளக்கம் சொன்னார். இந்த விரிகுடாவில் மீனும் நண்டும் சிப்பியும் பிடித்துப் பிழைப்பவர்களை வாட்டர்மேன் என்பார்கள். மே மாதத்துப் பௌர்ணமிக்குத்தான் நண்டு முதன்முதலில் கூட்டமாக ஓடு கழற்றும், அதன் பிறகும் நிலாவைப் பார்த்துத்தான் கழற்றும் என்பது அவர்கள் கணக்கு. ஓடு கழற்றிய நண்டு, தண்ணீரை உறிஞ்சி உடம்பை உப்பவைத்துத்தான் புது ஓட்டை விரிக்கிறது. ஓடு சீக்கிரம் இறுகிவிடும், சதை நிரம்ப வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் வாங்கினால் காசு தண்ணீருக்குத்தான். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அம்மாவுக்கு வியப்பே இல்லை. “எங்க கூடைக்காரம்மா சொன்னதைத்தானே இவரும் சொல்றார்” என்றாள். நாகைக் கூடைக்காரம்மாவை இவர் எங்கே பார்த்தார் என்று கேட்கத்தான் தோன்றியது, கேட்கவில்லை.

ஆகஸ்டில் நாங்களே பிடிக்கவும் போனோம். கரையிலிருந்து கயிறு போட்டுப் பிடிக்கலாம். பருத்திக் கயிற்றின் நுனியில் கோழிக் கழுத்தைக் கட்டித் தண்ணீரில் விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். தளர்ந்து கிடக்கும் கயிறு மெல்ல விறைத்து ஒரு பக்கமாக நகர்ந்தால் நண்டு தின்றுகொண்டிருக்கிறது. அவசரப்பட்டு இழுத்தால் விட்டுவிடும். ஒரு விரற்கடை, ஒரு விரற்கடையாக இழுத்து, கலங்கலில் அதன் உருவம் தெரிந்ததும் இன்னொருவர் கைவலையை அடியில் விட்டு அள்ள வேண்டும். பையன் மூன்று தடவை அவசரப்பட்டான். நான்காவது நண்டு வலையில் ஏறியது. கொடுக்கு நுனியெல்லாம் சிவப்பு. “மருதாணி வச்சிருக்கு பாருடா” என்றாள் அம்மா. பெண் நண்டு.

“திருப்பி விட்டுடணும் அம்மாச்சி” என்றாள் பதினொரு வயது மகள். பொழுதுபோக்குக்குப் பிடிக்கிறவர்கள் பெண் நண்டை எடுத்துப்போக 2008 முதல் இங்கே தடை. ஆண் நண்டும் ஜூலைப் பாதிக்குப் பிறகு முனைக்கு முனை ஐந்தேகால் அங்குலம் இருக்க வேண்டும். அவள் கையில் அளவுகோல் தயாராக இருந்தது. அம்மாவுக்கு மனசே ஆறவில்லை. சினை நண்டுக்கு ஊரில் கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறவள் அவள். ‘இருக்கறதுல நல்லதைத் தூக்கித் தண்ணியில போடுறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?’ தடையில் அர்த்தம் உண்டு. 1990 முதல் குளிர்காலந்தோறும் சேற்றை வாரி நண்டைக் கணக்கெடுக்கிறார்கள். 2022இல் 22 கோடியே 70 லட்சம் என்று வந்தது, அதுவரை வந்ததில் மிகக் குறைவு. இதையெல்லாம் மகள் சொல்லச் சொல்ல, அம்மா கேட்டுக்கொண்டே வலையைக் கவிழ்த்தாள். மருதாணி நண்டு பக்கவாட்டில் நீந்திப் போனது.

மகளின் பள்ளி விருந்துக்கு நண்டு வடை செய்ய டப்பா நண்டுச் சதை வாங்கினேன். அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். அடியில், இந்தியாவில் தயாரித்தது என்றிருந்தது. மண்டபம் பக்கமும் பாக் நீரிணைக் கரையிலும் பிடிக்கிற நீலக்கால் நண்டை வேகவைத்து, சதை பிரித்து, டப்பாவில் அடைத்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். இது போதாதென்று இந்தோனேசியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. எது உள்ளூர் என்று தெரியாமல்போய், 2012இல் அரசாங்கமே மேரிலாந்து நண்டு பரிமாறும் உணவகங்களுக்குத் தனி முத்திரை கொடுக்கத் தொடங்கியது. அந்த உள்ளூர் நண்டின் சதையைப் பிரித்தெடுப்பவர்களும் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து தற்காலிக விசாவில் வந்து, நண்டுக் காலம் முடிந்ததும் திரும்பிப் போகும் பெண்கள்தான்.

“அவங்களுக்கும் என்னைய மாதிரி ஆறு மாசமா?” என்று கேட்டாள் அம்மா. ஏறத்தாழ அப்படித்தான் என்றேன். டப்பாவைத் தட்டிக்காட்டி, “இது மட்டும் விசா கேக்காம எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கு” என்றாள்.

செப்டம்பர் 14 அமாவாசை. 18 திங்கட்கிழமை புரட்டாசி பிறப்பு, பிள்ளையார் சதுர்த்தி வேறு. நாகை சௌந்தரராஜப் பெருமாளுக்கு நேர்ந்துகொண்ட வீடு எங்களுடையது, புரட்டாசியில் முட்டைகூடக் கிடையாது. ஆக இடையில் இருந்தது 16ஆம் தேதி, ஒரே ஒரு சனிக்கிழமை. கோடை முடிந்து கடற்கரைக் கூட்டம் கலைந்திருந்தது. பாலம் காலியாகக் கிடந்ததால் கணவர் மெல்ல விசிலடித்துக்கொண்டே ஓட்டினார், அவர் சட்டத்தை அவரே மீறி.

அதே துறை, அதே கிழவர். அம்மா பேரம் பேசவில்லை. கூடையில் இருந்ததைத் திருப்பிக் காட்டச் சொல்லி என்னிடம் சைகை செய்தாள். வயிறு வெளுத்த வேட்டிபோலப் பளிச்சென்று இருந்ததற்குத் தலையை ஆட்டி மறுத்தாள். துருப்பிடித்தாற்போல மஞ்சளும் பழுப்புமாக அழுக்கேறியதை எடுக்கச் சொன்னாள். பழைய ஓடு என்றால்தான் உள்ளே ஆள் நிறைந்திருப்பான். பின்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினாள், அமுங்கவில்லை. கிழவர் அவளையும் என்னையும் பார்த்துவிட்டு, மிச்சத்தை அவளையே பொறுக்கிக்கொள்ளச் சொல்லி இடுக்கியைக் கொடுத்தார். விற்கிறவர்களுக்கு இது பிடிக்காத காரியம், மற்றவர்களுக்குக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அன்று அவிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி, பிளந்து, மிளகும் சோம்பும் அரைத்துப் போட்டுச் சட்டியில் வைத்தாள். சதை ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கரூர்க்காரர் குழம்பை மட்டும் சோற்றில் ஊற்றிக்கொண்டார். பத்து நிமிடம் கழித்து ஒரு கொடுக்கு அவர் தட்டின் ஓரத்தில் ஒளிந்திருந்ததை எல்லோரும் பார்த்தோம், யாரும் கேட்கவில்லை.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கார் மேற்கே திரும்பியது, தர்மான்ட் பக்கம். பாலமே இல்லாத திசை. ஆப்பிள் பறித்தோம். புளிப்பு ஆப்பிளில் அம்மா ஊறுகாய் போட்டாள், மாங்காயை மறக்கடிக்கவில்லை என்றாலும் மோசமில்லை. சோளக்கொல்லைக்குள் வழிதெரியாமல் சுற்றவிடும் விளையாட்டுக்கு டிக்கெட் வாங்கியதைத்தான் அவளால் ஏற்க முடியவில்லை, கொல்லையில் தொலைவதற்குக் காசா என்றாள். மறுபக்கம் வயல் முழுக்கப் பரங்கிக்காய். சமைக்க அல்ல, முகம் செதுக்கி வாசலில் வைத்து அழுகவிட என்றதும், “நம்ம திருஷ்டிப் பூசணிதான். நாம நடுரோட்டுல உடைக்கிறோம், இவங்க உடைக்கறதில்ல” என்று முடித்துவிட்டாள்.

குளிருக்கு முன் வயிறு முட்டத் தின்று, நண்டு அக்டோபரில்தான் முழுக் கொழுப்பில் இருக்கும். ஐப்பசி பிறந்ததும் போகலாம் என்றால் வீட்டில் கொலு. விஜயதசமி 24ஆம் தேதி, அம்மாவின் விமானம் 25. பெட்டியில் இரண்டு ஓல்டு பே டப்பாக்கள் இருந்தன, கூடைக்காரம்மாவின் மகளுக்கு ஒன்று.

ஜனவரியில் ஒரு ஞாயிறு காலை, மே மாதத்துக்கு டிக்கெட் மலிவாக இருக்கிறதென்று கணவர் அம்மாவுக்குப் போன் போட்டார்.

“வைகாசி விசாகம் என்னைக்கு மாப்பிள்ளை?”

அவர் போனிலேயே பஞ்சாங்கத்தைத் திறந்தார். “மே 22 அத்தை. மறுநாள் பௌர்ணமி.”

“அப்ப அது வேணாம். அடுத்த அமாவாசை?”

“ஜூன் ஆறு. வியாழக்கிழமை.”

“நெறஞ்ச நாள்தான், அன்னைக்கே ஏறிடறேன். வெள்ளிக்கிழமை வந்து எறங்குனா சரியா இருக்கும்.”

சனிக்கிழமையை அம்மா சொல்லவில்லை. கணவர் டிக்கெட்டைப் போட்டுவிட்டு, சன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, அந்தப் பாலத்தைக் கடக்காமல் வடக்கே சுற்றிக்கொண்டு போக எவ்வளவு நேரம் ஆகும் என்று என்னிடம் கேட்டார்.