உரிமை ரெண்டு காலுக்குத்தான்

ஸ்காட்லாந்துல எங்க வேணும்னாலும் சுத்தலாம்னு சொன்னாங்க. நம்பி ஒரு பழைய டர்ட் பைக் வாங்கிட்டேன்.

மலைப்பாதையில ஏறினதும் சினை ஆடுங்க மிரண்டு ஓடுச்சு. பண்ணைக்காரர் திட்டவே இல்லைங்க. "சினை கலைஞ்சா யார் பொறுப்பு?"ன்னு மட்டும் கேட்டார். இன்ஜினை அணைச்சுட்டு, அடிவாரம் வரைக்கும் தள்ளிக்கிட்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்துதான் படிச்சேன். 2003 நிலச் சீர்திருத்தச் சட்டம் தர்ற உரிமை நடக்க, சைக்கிள், குதிரைக்குத்தான், மோட்டாருக்கு இல்லை. அனுமதியில்லாம ஓட்டினா 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். ஃபோர்ட் வில்லியம்ல மே மாசம் நடக்கிற ஆறு நாள் பைக் போட்டியே நிலத்துக்காரங்க சம்மதத்தோடதான் மலையேறுது. நமக்கு காசு கட்டி ஓட்டுற மோட்டோகிராஸ் தடம், இல்லைன்னா நிலத்துக்காரர் அனுமதி.

அடுத்த வாரம் நடந்தே போய்க் கேட்டேன். "ஆகஸ்ட்ல வாங்க"ன்னார்.