செல்லாத பத்து வெள்ளி

என்னிடம் ஒரு பத்து வெள்ளி நோட்டு இருக்கிறது. அதைக் கொடுத்துத் தேக்காவில் ஒரு தே தாரிக்கூட வாங்க முடியாது. நோட்டில் குலை தள்ளிய வாழைமரம் ஒன்று நிற்கிறது. ‘கேட்டவுடன் கொடுப்பதாக ஜப்பானிய அரசாங்கம் வாக்களிக்கிறது’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. கேட்டவர்கள் ஏராளம். கொடுத்ததுதான் இல்லை.

போர்க்கால நோட்டுகள், ராணுவக் காசுகள், முகாம்களில் புழங்கிய டோக்கன்கள். இவற்றைச் சேர்ப்பதுதான் என் பொழுதுபோக்கு. அலுவலக நண்பர்கள் முதலில் கேட்பது, “இதெல்லாம் என்ன விலை போகும்?” என்பதுதான். உண்மையைச் சொன்னால் சப்பென்று போய்விடும். புழங்கிக் கசங்கிய வாழைமர நோட்டு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுக்குள் கிடைக்கும். பணக்காரர் ஆக நினைப்பவர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கு உதவாது.

எனக்கு இந்தப் பழக்கம் தேசிய சேவையில் ஒட்டிக்கொண்டது. பயிற்சி முடிந்த அன்று எங்கள் படைப்பிரிவின் முத்திரை பொறித்த வட்டமான உலோகக் காசு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். கடையில் செல்லாது, வங்கியில் செல்லாது. ஆனால், எங்கள் பிரிவில் இருந்த யாரும் அதைத் தொலைத்து நான் பார்த்ததில்லை. செல்லாத காசுக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. அதன்பின் வார இறுதிகளில் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தைக்குப் போக ஆரம்பித்தேன். சிராங்கூன் சாலையில் காலை இட்லியை முடித்துவிட்டு நடந்தால் சில நிமிடத்தில் போய்விடலாம். தரையில் விரித்த துணியில் பழைய கடிகாரங்களுக்கும் கேமராக்களுக்கும் நடுவே நோட்டுக் கட்டுகள் கிடக்கும். 2017 ஜூலையில் அந்தச் சந்தையை மூடினார்கள். ஆனால், அதற்குள் என் ஆல்பம் பாதி நிறைந்திருந்தது.

நோட்டைப் படிக்கும் விதம்

வாழைமர நோட்டைப் பலர் பார்த்திருப்பார்கள். படித்திருக்க மாட்டார்கள். ஒருமுறை உற்றுப் பாருங்கள். தேதி இல்லை. கையொப்பம் இல்லை. வங்கியின் பெயர் இல்லை. ஆங்கிலமும் ஜப்பானிய எழுத்தும் இருக்கின்றன. தமிழோ மலாயோ இல்லை. இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் சிங்கப்பூர்க் காசை எடுத்துப் பாருங்கள், அதில் ‘சிங்கப்பூர்’ என்று தமிழில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், யாருக்காக அச்சிட்ட பணம் எது என்பது விளங்கிவிடும்.

நோட்டில் உள்ள எழுத்துகளும் கதை சொல்லும். ‘எம்’ என்று தொடங்கினால் மலாயாவுக்கானது. ‘பி’யில் இரண்டு வகை: ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து என்றால் பர்மா, பதினாறாம் எழுத்து என்றால் பிலிப்பீன்ஸ். மலாயா நோட்டுகளில் ஆரம்பத்தில் வந்தவற்றில் வரிசை எண் இருந்தது. எத்தனை நோட்டு அடித்தோம் என்று கணக்கு வைத்திருந்த காலம் அது. பிறகு எண் மறைந்தது, எழுத்து மட்டும் மிஞ்சியது. போகப் போக நூறு வெள்ளி, ஆயிரம் வெள்ளி நோட்டுகள் வந்தன. எண்ணை எடுத்துவிட்டு அச்சடிக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பொருளியல் பாடம் தேவையில்லை. போருக்கு முன் சுமார் 5 வெள்ளிக்கு விற்ற ஒரு பிக்குல் அரிசி, அதாவது ஏறக்குறைய 60 கிலோ, 1945ன் நடுவில் 5,000 வெள்ளிக்குப் போயிருந்தது. மக்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று நாளை ஓட்டினார்கள்.

‘வெள்ளி’ என்ற சொல்லையே யோசித்துப் பாருங்கள். டாலர் என்பது உண்மையிலேயே வெள்ளிக் காசாக இருந்த காலத்தின் சொல் அது. உலோகம் போய்க் காகிதம் வந்த பிறகும் நம் வாயில் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் உலோகத்துக்குப் பஞ்சம். ஒரு காசுக்குக்கூடக் காகித நோட்டுதான்.

என் ஆல்பத்தில் அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு சதுரக் காசு வைத்திருக்கிறேன். மலாயாவின் ஒரு காசு, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை, ஆண்டு 1943. அந்த ஆண்டில் இந்த ஊருக்குப் பெயர் சியோனான். மன்னரின் ஆட்சி இங்கே இல்லை. இழந்த நாட்டுக்கு முன்கூட்டியே காசு அடித்து வைத்திருக்கிறார்கள். அதேபோல் ‘1941 ஜூலை 1’ என்று தேதியிட்ட மலாயா நோட்டுகளும் பிரிட்டிஷார் திரும்பிய பிறகே, 1945ல், இங்கே புழக்கத்துக்கு வந்தன. வாழைமர நோட்டில் தேதியே இல்லை. இந்த நோட்டில் இருந்த தேதியோ நான்கு ஆண்டு பழையது.

அப்பத்தா தொட மறுத்த நோட்டு

என் முதல் வாழைமர நோட்டை வாங்கிய வாரம், பெருமையோடு அப்பத்தாவிடம் காட்டினேன். அவர் ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஜப்பானியர் வந்தபோது ஒன்பது வயது. நோட்டைக் கையில் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இதை ஏன்டா காசு கொடுத்து வாங்குற? இதைக் கொடுத்துத்தான் எங்கப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போனாங்க.”

சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் எடுத்த கதை அது. நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொன்னார்களாம். முன்பணமாக இப்படிப்பட்ட பத்து வெள்ளி நோட்டைப் பூட்டியின் கையில் கொடுத்துவிட்டு, பாட்டனாரை லாரியில் ஏற்றினார்களாம். அவர் திரும்பவில்லை. பூட்டி அந்த நோட்டைச் செலவு செய்யவில்லை. பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். போர் முடிந்து அந்தக் காசு செல்லாது என்று தண்டல் வந்து சொன்ன பிறகும் தூக்கிப் போடவில்லை. “அவரு வந்தா கணக்குக் கேப்பாரு” என்பாராம். பல வருடம் கழித்து டின்னைத் திறந்தபோது கரையான் அரித்திருந்தது.

அன்று வரை எங்கள் வீட்டில் யாரும் இதைப் பேசியதில்லை. அப்பாவுக்கே பாதிதான் தெரியும். ஒரு நோட்டு கண்ணில் பட்டதும் எழுபது ஆண்டு மௌனம் உடைந்தது.

பிறகுதான் தேடிப் படித்தேன். சயாம்–பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர் நீளம். 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. 60,000க்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள், 12,000க்கு மேல் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள், மாண்டவர்கள் 90,000 பேர் வரை இருக்கலாம். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. அவர்கள் எழுதிய நாட்குறிப்புகளும் நூல்களும் உண்டு. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெயர்ப் பட்டியல்கூட முழுதாக இல்லை.

சயாம் பக்கத்தில் அந்நாட்டின் பாட் பணம் ஓடியது, பர்மா பக்கத்தில் ஜப்பானியர் அச்சிட்ட ரூபாய் நோட்டு. அந்தப் பர்மா நோட்டு ஒன்றும் என்னிடம் உண்டு. கறை படிந்து, நான்காக மடிந்த கோடு கிழியும் நிலையில் இருக்கிறது. சேகரிப்பாளர் கணக்கில் இது கடைசித் தரம். புத்தம் புதிதாக, மடிப்பே இல்லாத நோட்டுக்குத்தான் விலை கூட. எனக்கு இதுதான் பெரிது. மடிப்பு இருக்கிறது என்றால் யாரோ இடுப்பில் செருகியிருக்கிறார்கள், வியர்வையில் நனைத்திருக்கிறார்கள். நாட்குறிப்பு எழுதாத மனிதர்கள் விட்டுப்போன கைரேகை அது.

கடனும் காணிக்கையும்

தோட்டத்துக் கூலி மட்டுமா போயிற்று? மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் இருந்து வட்டிக்குக் கொடுத்த நகரத்தார்களின் கதையும் இந்த நோட்டுக்குள் இருக்கிறது. போருக்கு முன் நல்ல வெள்ளியில் வாங்கிய கடனை, ஆக்கிரமிப்புக் காலத்தில் வாழைமர நோட்டில் திருப்பிக் கொடுத்தவர்கள் பலர். வாங்க மறுக்க முடியாது, ஏனெனில் அன்று சட்டப்படி இரண்டும் ஒரே மதிப்பு. போர் முடிந்ததும் அடைந்த கடன் அடைந்ததுதானா என்ற கேள்வி எழுந்தது. 1948ல் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்து, ஜப்பான் வெள்ளியின் மதிப்பு காலப்போக்கில் எப்படிச் சரிந்தது என்று அட்டவணை போட்டார்கள்.

இன்னொரு பக்கம், மனமுவந்து கொடுத்தவர்கள். 1943 ஜூலை 5ஆம் தேதி பாடாங்கில் நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தைப் பார்வையிட்டார். அக்டோபர் 21ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தார். மறுநாளே ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் வாட்டர்லூ ஸ்திரீட்டில் தொடங்கியது. தாலிச் சங்கிலி வரை கழற்றிக் கொடுத்த பெண்களைப் பற்றி நம் குடும்பங்களில் இன்றும் பேசுவார்கள். 1944 ஏப்ரலில் ரங்கூனில் ஆசாத் ஹிந்த் வங்கியும் திறந்தார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆசாத் ஹிந்த் நோட்டு என்று சொல்லி இணையத்தில் விற்பவற்றில் போலிகள் மலிந்திருக்கின்றன. நேதாஜி படத்தைப் பார்த்ததும் மனம் இளகிவிடும், விற்பவருக்கும் அது தெரியும். என் வரையில், நிதி கொடுத்ததற்கு யாரோ ஒரு தோட்டத் தொழிலாளி வாங்கிய சாதாரணக் காகித ரசீது வீட்டில் இருந்தால் அது பத்து ‘நோட்டு’களுக்குச் சமம்.

உலகம் முழுக்க இதே கதை

போர் எங்கே போனாலும் தனக்கென்று ஒரு பணத்தைக் கூட்டிக்கொண்டு போகும். ஜப்பான் தாக்கியபின் ஹவாயில் அமெரிக்கர்கள் தங்கள் டாலர் மீதே ‘ஹவாய்’ என்று பெரிதாக அச்சிட்டார்கள். தீவு எதிரியிடம் போனால் அந்த நோட்டுகளைச் செல்லாது என்று அறிவிக்க வசதி. 1946 முதல் 1973 வரை வெளிநாட்டில் இருந்த அமெரிக்க வீரர்களுக்கு ராணுவச் சீட்டுப் பணம் கொடுத்தார்கள். கறுப்புச் சந்தையைத் தடுக்கத் திடீரென்று ஒரு நாளில் பழையதை மாற்றிப் புதியது தருவார்கள். வியட்நாமில் அன்று முகாமுக்கு வெளியே அதைக் கையில் வைத்திருந்த உள்ளூர்க்காரரின் பணம் வெறும் தாள். 2001க்குப் பிறகு ஆப்கானிஸ்தானில் இருந்த அமெரிக்க முகாம் கடைகளில், சில்லறை கனக்கிறது என்று வட்டமான அட்டை டோக்கன் கொடுத்தார்கள். பார்க்கச் சிறுவர் விளையாட்டுச் சாமான் போலவே இருக்கும்.

ஹாங்காங்கில் ஜப்பானிய ராணுவ யென்னைக் கட்டுக் கட்டாக வைத்திருந்தவர்கள் தோக்கியோவில் வழக்குப் போட்டார்கள். 1999ல் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. எனவே, “வீட்டில் ஒரு பெட்டி நிறைய ஜப்பான் காசு இருக்கிறது, வங்கியில் மாற்றலாமா?” என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: மாற்ற முடியாது. ஆனால், எறிந்துவிடாதீர்கள்.

தொடங்க நினைப்பவர்களுக்கு

பெரிய செலவு வேண்டாம். ஒரு கருவை எடுத்துக்கொள்ளுங்கள்: மலாயாவின் ஆக்கிரமிப்பு நோட்டுகளில் வகைக்கு ஒன்று போதும். ஒரு காசு முதல் ஆயிரம் வெள்ளி வரை வரிசை அழகாக அமையும். வரிசை எண் உள்ள நோட்டுக்கு விலை கூட என்பதால் பின்னால் எண் அடித்து ஏமாற்றுவதும் உண்டு, அனுபவசாலியிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். நோட்டை லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். பிவிசி கலக்காத உறையில் வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்குப் பெட்டியில் சிலிக்கா பொட்டலம் அவசியம். காசைப் புளி போட்டுத் துலக்கினால் பளபளக்கும், மதிப்புப் போய்விடும்.

பிள்ளைகளோடு போகப் புக்கிட் தீமாவில் முன்னாள் ஃபோர்டு தொழிற்சாலை இருக்கிறது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சரணடைந்த இடம் அதுதான். முழுமைத் தற்காப்பு தினம் அந்தத் தேதியில் வருவதும் அதனால்தான். கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையமும் இருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் தமிழ்க் குரல்களையும் கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டு அலமாரியில் பழைய நோட்டோ காசோ ரசீதோ இருந்தால், விலை விசாரிக்கும் முன் அதை வீட்டிலுள்ள மூத்தவரின் கையில் கொடுங்கள். “இது யாருடையது? எப்படி வந்தது?” என்று கேளுங்கள். சொல்வதைப் பெயரோடும் ஊரோடும் ஒரு தாளில் எழுதி, அதே உறைக்குள் வையுங்கள். ஜப்பானியரைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இப்போது தொண்ணூறு வயதை ஒட்டிவிட்டது. நோட்டு இன்னும் நூறு ஆண்டு தாங்கும். இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.