போனது வேறு, போய்ச் சேர்ந்தது வேறு

தபால் துறையில் 34 வருஷம் வேலை பார்த்தவன் நான். அந்தக் காலத்தில் மேலதிகாரிகள் அவ்வப்போது டெஸ்ட் லெட்டர் போடுவார்கள். சாதாரணக் கடிதம் போலவே பெட்டியில் விழும். என்றைக்குப் போட்டது, என்றைக்குக் கையில் கிடைத்தது என்று கணக்குப் பார்ப்பார்கள். எது டெஸ்ட் லெட்டர் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்தால் அதை மட்டும் ஓட்டமாக அனுப்பிவிடுவோமே!

சமீபத்தில் அந்த ஞாபகம் வந்தது. திருமங்கலம் வட்டாரத்தில் பென்ஷன் வாங்கும் நண்பர்கள் 60 பேருக்கு, நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்கச் சொல்லி நினைவுபடுத்துவது என் பொறுப்பு. அக்கா மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். தானாக ஈமெயில் அனுப்பும் சின்ன புரோகிராம் ஒன்று எழுதிக் கொடுத்தான். 60 கடிதமும் போய்விட்டதாகக் காட்டியது. நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

கள்ளிக்குடி நண்பர் ஒருவருக்கு டிசம்பர் பென்ஷன் வரவில்லை. மனைவியின் மருந்துக்குக் கைமாற்று வாங்கியிருக்கிறார். "கடுதாசி ஒண்ணும் வரலையேப்பா" என்றார். தேடினால், ஸ்பேம் பெட்டியில் கிடந்தது. தவறு எங்களுடையதுதான். எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்.பி.எஃப். குறிப்பை நாங்கள் பதியவே இல்லை.

"சர்வர் 250 சொல்லிச்சு மாமா, போயிருச்சுன்னு நெனச்சேன்" என்றான் மருமகன்.

1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. விதிகளில் உள்ள எண் அது. (பெயரிலேயே போஸ்ட் இருக்கிறது, பாருங்கள்!) அடுத்த சர்வர் "சரி, வாங்கிக்கொண்டேன்" என்கிறது, அவ்வளவுதான். ரிஜிஸ்டர் தபாலுக்கு அந்தக் காலத்தில் நாங்கள் கொடுத்த ரசீது மாதிரி. அக்னாலெட்ஜ்மெண்ட் கார்டு திரும்பி வந்த மாதிரி ஆகாது.

பிறகு, குறிப்பைப் பதிந்ததோடு இரண்டு சோதனைகளும் வைத்தான். புரோகிராமில் எதை மாற்றினாலும், முதலில் அவன் கம்ப்யூட்டரிலேயே ஓடும் போலி சர்வருக்குத்தான் கடிதம் போகும். அங்கிருந்து ஒன்றும் வெளியே போகாது. முகவரி சரியா, தமிழ் எழுத்து உடையாமல் வருகிறதா என்று அங்கே பார்த்துவிடலாம்.

இரண்டாவது, நிஜ டெஸ்ட் லெட்டர். தினமும் காலை 6 மணிக்கு, இதற்கென்றே திறந்த ஒரு பெட்டிக்குப் புதிய எண் போட்ட கடிதம் போகும். புரோகிராமே ஐமேப் வழியாக அந்தப் பெட்டியைத் திறந்து 5 நிமிஷம் தேடும். எண் எதற்கு என்றால், நேற்று வந்த கடிதத்தை இன்றையது என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்பேமில் கிடந்தாலும் தோல்விதான். உடனே அவன் போனுக்குச் செய்தி போய்விடும்.

சர்டிபிகேட் கொடுத்த பின் நண்பருக்கு நிலுவை வந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு மாதம் அவர் பட்ட பாடு?

டெஸ்ட் லெட்டர் பெட்டிவரைதான் போகும். படித்தாரா என்று சொல்லாது. அதனால் நவம்பரில் அவருக்குப் போனும் போடுகிறேன். "வந்துருச்சுப்பா" என்று அவர் சொல்வதுதான் எனக்கு அக்னாலெட்ஜ்மெண்ட் கார்டு.