தொடர்பு அலுவலர்

நான் வேலை பார்த்த கம்பெனியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தொடர்பு அலுவலர் நான்தான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதன் விதிகளும், இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனம் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வைத்திருக்க வேண்டும், அதற்கென ஓர் அலுவலரைப் போட வேண்டும் என்கின்றன. நானே கொள்கையை எழுதி, அலுவலர் என்று என் பெயரையே போட்டு, கையெழுத்தும் போட்டேன். எழுதினேன் என்பதுகூடப் பொய். வேறொரு கம்பெனியின் இணையதளத்திலிருந்து எடுத்து, பெயரை மாற்றினேன். ஓர் இடத்தில் மாற்ற விட்டுப்போய், மூன்றாம் பக்கத்தில் அவர்கள் பெயரே கடைசிவரை இருந்தது. யாராவது படித்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

யானைக்கவுனியில், வால்டாக்ஸ் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் அட்டைப்பெட்டிப் பட்டறை. கீழே மிஷின்கள், மாடியில் ஆபீஸ். சௌகார்பேட்டை மொத்தக் கடைகளுக்குப் பெட்டி எங்களிடமிருந்துதான் போகும். பஞ்சிங் மிஷினில் பதினாலு வருஷம் நின்றவர் ஒருவர் இருந்தார். என்னைவிட மூத்தவர், நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். ஒரு தீபாவளி சீசனில் அவருடைய வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. வேகத்துக்காக மிஷினின் தடுப்பைக் கழற்றி வைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும். அதற்குத் தனியாக ஒரு வாக்குமூலம் எழுத வேண்டும்.

ஆட்டோவில் போட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வடசென்னையில் கை நசுங்கினால் யாரும் வேறு இடம் யோசிப்பதில்லை. டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே வளர்த்தெடுத்த கை அறுவை சிகிச்சைப் பிரிவு பட்டறைக்காரர்களின் கைகளைப் பல பத்தாண்டுகளாகப் பார்த்துப் பழகியது. 2018-இல் இரண்டு கைகளையும் இழந்த ஒருவருக்கு மாற்றுக் கைகள் பொருத்தியதும் அங்கேதான். எங்கள் ஆளின் இரண்டு விரல்களும் நைந்துபோயிருந்ததால் ஒட்ட முடியவில்லை. கட்டைவிரலைக் காப்பாற்றிவிட்டார்கள். மோதிர விரலையும் சுண்டு விரலையும் கட்டைவிரலோடு சேர்த்து டம்ளரைப் பிடிக்கப் பழக்கி அனுப்பினார்கள். அவர்கள் அவ்வளவு பாடுபட்டுத் திருப்பிக் கொடுத்த கையை நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் காத்திருந்தேன். தற்காலிக ஊனத்துக்காக ஈஎஸ்ஐ பணம் வாங்கிக்கொண்டிருக்கும் தொழிலாளியை, அது முடியும் வரை வேலையைவிட்டு அனுப்பக் கூடாது என்றது அப்போதைய ஈஎஸ்ஐ சட்டம். அந்தப் பிரிவு எனக்கு மனப்பாடம். ஆகவே டாக்டர் ‘வேலைக்குப் போகலாம்’ என்று எழுதிக்கொடுக்கும் வரை பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் நலம் விசாரித்துவிட்டு வந்தேன்.

அவர் திரும்பி வந்தபோது அவரே ஒரு வழியும் கொண்டுவந்திருந்தார். பஞ்சிங் வேண்டாம், ஸ்டிச்சிங் மிஷினில் உட்காருகிறேன் என்றார். பெட்டியின் ஓரத்தில் கம்பிப் பின் அடிக்கிற மிஷின் அது. காலால் பெடலை அழுத்தினால் பின் இறங்கும். பெட்டியை இடது கையால் பிடித்து, வலது கையின் மீதி விரல்களால் நகர்த்திக்கொடுத்தால் போதும். ஷிப்ட் முடிந்த பிறகு இரண்டு பெட்டி அடித்து மாடிக்கு எடுத்துவந்து என் மேஜைமேல் வைத்தார். ஒவ்வொன்றிலும் எட்டு பின். மொத்தத்தில் ஒன்றே ஒன்று சாய்ந்திருந்தது, மற்றவை நேராக இருந்தன. அந்த ஒன்றைத்தான் விரலால் தொட்டுக் காட்டினேன். “இது சாஞ்சிருக்கே அண்ணே.” ஸ்டிச்சிங்கில் இருந்த பையன் அடிப்பதில் பெட்டிக்கு மூன்று சாயும். பார்ட்டிகள் ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

உயரத்தைக் கொஞ்சம் ஏற்றிய ஒரு ஸ்டூல், பெட்டியைத் தாங்க இடது பக்கம் ஒரு பலகை. அவ்வளவுதான் செலவு. நியாயமான மாற்றங்கள் என்று மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்வது இதைத்தான்: முதலாளியின் தலையில் அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாமல், அந்த ஆளுக்குத் தேவையானதைச் செய்து கொடுப்பது.

எனக்குச் சாக்கு வேண்டியிருந்தது. ஒரு கையில் இரண்டு விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 20 சதவீத இழப்பு என்றது ஈஎஸ்ஐ அட்டவணை. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இடஒதுக்கீட்டுக்கும் பல சலுகைகளுக்கும் 40 சதவீத ஊனம் வேண்டும். இருபது, நாற்பதைவிடக் குறைவு. ஆக இவர் என் கணக்கில் வரமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முந்தையது வருமானக் கணக்கு, பிந்தையது உடம்புக் கணக்கு. இரண்டையும் தராசில் வைப்பதே தப்பு என்று எனக்குத் தெரியும். அதைவிட, 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சாக்கையே உடைத்திருந்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ளவர் அவர்; 40 சதவீதம் இல்லை என்று தேர்வில் அவருக்கு எழுத்தர் உதவியை மறுத்தார்கள். நியாயமான மாற்றங்களைக் கேட்க 40 வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பின் சுருக்கத்தை ஒரு பயிற்சிக் கூட்டத்தில் கையில் கொடுத்தார்கள். என் பையில் இருந்தது.

இன்னொரு ஓட்டையும் தெரியும். பணியில் இருக்கும்போது ஊனமானவரை வெளியேற்றக் கூடாது என்கிற 20(4) பிரிவு அரசு நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. நிறக்குருடு என்று வெளியே அனுப்பப்பட்ட அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர் ஜி. முத்துவின் வழக்கில், பழைய 1995 சட்டத்தை வைத்தே மாற்று வேலை கொடுக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம், 2006-இல். எங்கள் ஆள் பஸ் டிப்போவில் இருந்திருந்தால் தப்பித்திருப்பார். சட்டம் தெரியாத மேனேஜர் வாய்த்திருந்தாலும் தப்பித்திருப்பார் என்று நினைக்கிறேன்; அவன் பயந்து ஸ்டூலை வாங்கிக் கொடுத்திருப்பான்.

ராஜினாமாக் கடிதத்தை நானே டைப் அடித்தேன். ‘சொந்தக் காரணங்களுக்காக, என் முழு விருப்பத்துடன்.’ ஈஎஸ்ஐ பணம் மாசாமாசம் வரும், கணக்கு முடித்தால் கையில் ஒரு தொகை நிற்கும், இந்தக் கையோடு எதற்கு அண்ணே இந்தத் தூசி என்றேன். இடது கையால் கையெழுத்துப் போட்டார். பழைய சம்பள வவுச்சரில் இருந்த கையெழுத்தோடு அது பொருந்தவில்லை. பின்னால் பிரச்சினை வரக் கூடாது என்று பெருவிரல் ரேகையும் வாங்கிக்கொண்டேன்.

முதலாளி சொல்லித்தான் செய்தேன் என்று எழுதினால் வாசிக்கிறவர்கள் நம்புவார்கள். அவர் சொல்லவில்லை. கடிதத்தைக் காட்டியபோது, “அவரா? ஏன், வேற எங்கயாவது உக்கார வெச்சிருக்கலாமே?” என்றார் சேட். “அவருக்கே இஷ்டமில்ல சார்” என்றேன். அடுத்த சம்பள உயர்வுப் பேச்சு வரும்போது, ஒரு தொல்லையைச் சத்தமில்லாமல் முடித்தவன் என்று பெயர் வாங்க நினைத்தேன். வந்த உயர்வு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அதிகமாக வந்திருந்தால் இதை எழுதியிருப்பேனா என்றும் தெரியவில்லை.

நானும் அந்தக் கம்பெனியை விட்டு வந்துவிட்டேன். போன மாதம் அவருக்குப் போன் செய்தேன். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு கொடுங்கள், அந்தக் கடிதம் என் வாசகம், மிரட்டாமல் மிரட்டி வாங்கியது என்று நானே வந்து சொல்கிறேன் என்றேன்.

“அதெல்லாம் இப்ப இன்னாத்துக்கு சார்” என்றார். இரண்டு தெரு தள்ளி வேறொரு பட்டறையில் ஸ்டிச்சிங் அடிக்கிறாராம். தினக்கூலி, ஈஎஸ்ஐ, பிஎஃப் கிடையாது. பெரிய யூனிட் ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள், அனுபவச் சான்றிதழ் கேட்கிறார்கள் என்றார். “பதினாலு வருசம்னு லெட்டர்பேட்ல ஒண்ணு போட்டுக் குடு சார், அது போதும்.”

அவர் கணக்கை முடித்த அன்று அந்தச் சான்றிதழைக் கொடுத்திருக்க வேண்டியவன் நான். இப்போது என்னிடம் லெட்டர்பேட் இல்லை.