வராத நாளுக்கும் கட்டணம்

தனியாக ஆலோசனை நடத்தும் ஒரு தெரபிஸ்டிடம் முதன்முறை நேரம் கேட்டால், பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் ஒரு நீண்ட செய்தி வரும். ஒரு செஷன் 45 அல்லது 50 நிமிடம், கட்டணம் இவ்வளவு, இன்ன எண்ணுக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, ஒரு நாள் முன்னதாகத் தெரிவிக்காமல் வராமல் இருந்தால் முழுக் கட்டணமும் உண்டு என்று முடியும். அந்தக் கடைசி வரி பலருக்குச் சுருக்கென்று தைக்கிறது. பல் டாக்டரிடம் போகாமல் இருந்துவிட்டால் அவர் பணம் கேட்பதில்லை. மனசு சரியில்லை என்று வருகிறவரிடமா இவ்வளவு கறார் என்று நினைத்து, அத்தோடு விட்டுவிடுகிறவர்களும் உண்டு. எனக்கோ அந்த வரிதான் மிகவும் பிடித்த வரி. புதிதாகப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அதற்குள் இருக்கிறது.

அந்த வரிக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. சிகிச்சையை எப்படித் தொடங்குவது என்று சக மருத்துவர்களுக்காக சிக்மண்ட் ஃப்ராய்ட் 1913இல் ஒரு கட்டுரை எழுதினார். மனத்தின் ஆழங்களைத் தோண்டியவர் என்று பெயர் பெற்ற அவர், அதில் நேரத்தையும் பணத்தையும் யார் எங்கே உட்காருவது என்பதையும் பற்றி நிறையப் பேசுகிறார். தன் வேலை நாளில் ஒரு மணி நேரத்தை நோயாளிக்குக் குத்தகைக்கு விடுவதாகச் சொல்கிறார். வந்தாலும் வராவிட்டாலும் அந்த நேரம் நோயாளியுடையது, பொறுப்பும் அவருடையது. இசை ஆசிரியருக்கும் மொழி ஆசிரியருக்கும் இந்த வழக்கம் இருக்கும்போது மருத்துவருக்கு மட்டும் ஏன் கூடாது என்பது அவர் கேள்வி. உடம்பு முடியாமல் வராதவரிடமும் வாங்குவதா என்ற கேள்வியையும் அவரே எழுப்பிக்கொள்கிறார். விதியைத் தளர்த்தினால் தற்செயலாக வராமல் போகும் நாட்கள் பெருகுகின்றன, இறுக்கிப் பிடித்தால் அருகிவிடுகின்றன, அதுவும் முக்கியமான ஏதோ மேலே வரப்போகும் சமயம் பார்த்துத்தான் அந்தத் தடங்கல்கள் வருகின்றன என்று தன் அனுபவத்தைச் சொல்கிறார். இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது பணத்தைப் பற்றி அவர் எழுதியது. காமத்தைப் போலவே பணத்தையும் நாகரிக மனிதர்கள் கூச்சத்தோடும் மழுப்பலோடும்தான் கையாளுகிறார்கள், ஆகவே மருத்துவர் தன் கட்டணத்தை முதலிலேயே பட்டென்று சொல்லிவிட வேண்டும், பாக்கி சேர விடக் கூடாது என்கிறார். நியாயம்தானே. எதையும் ஒளிக்காமல் பேசுவதற்கென்றே ஏற்பட்ட அறை அது. கட்டணத்தையே அங்கே வாய்விட்டுப் பேச முடியவில்லை என்றால், அப்பாவின் மேல் இருபது வருடமாக இருக்கும் கோபத்தை எப்படிப் பேசுவது?

இது வியன்னாவின் வசதி படைத்தவர்களுக்கான நியாயம் என்று ஒருவர் சொல்லலாம். சொல்வதில் உண்மை உண்டு. இலவசமாகப் பார்த்தவர்களுக்குச் சிகிச்சை சரியாக நடக்கவில்லை என்று அதே கட்டுரையில் எழுதியவர்தான் ஃப்ராய்ட். ஆனால் 1918இல் புடாபெஸ்டில் பேசியபோது, ஏழைக்கும் இந்த உதவியில் உரிமை உண்டு என்று அவரே சொன்னார். 1920இல் பெர்லினிலும் 1922இல் வியன்னாவிலும் இலவச மையங்கள் திறந்தன. ஆக, தொகை எவ்வளவு என்பதில் எந்தப் புனிதமும் இல்லை. அது வெளிப்படையாகப் பேசப்பட்டதா என்பதே கேள்வி. வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளும் ஆலோசகர்கள் இன்று நம் ஊரிலும் இருக்கிறார்கள். கேட்டால்தான் தெரியும்.

கேட்பது மரியாதைக் குறைவு என்ற தயக்கம் நம்மிடம் ஆழமாக வேரோடியிருக்கிறது. இதற்குப் பின்னால் ஒரு கனமான வாதமும் உண்டு. மனநல மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான ஜஸ்வந்த் சிங் நேக்கி, 1973இல் எழுதிய ஒரு கட்டுரையில் குரு-சீட உறவை இந்தியச் சிகிச்சைக்கு ஒரு முன்மாதிரியாக வைத்துப் பார்த்தார். இங்கே உதவி தேடி வருகிறவர் ஒரு குருவைத் தேடி வருகிறார், சார்ந்திருப்பது இங்கே இழுக்கு அல்ல என்பது அவர் பார்வை. அப்படியானால் குருவிடம் போய் உங்கள் படிப்பு என்ன, கட்டணம் என்ன என்று கேட்பதா? நம் பழைய நூல்களில் குரு அப்படிக் கேள்விக்கு அப்பாற்பட்டவராக இல்லை. பவணந்தியாரின் நன்னூல், எழுத்தையும் சொல்லையும் தொடும் முன்பே, யார் ஆசிரியர், யார் ஆகாதவர் என்று பாயிரத்தில் பேசுகிறது. போட்ட வரிசையில் வெளிவராத கழற்காய்க் குடம், யாரையும் ஏறவிடாத மடற்பனை, அடைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகவே தரும் பருத்திக் குண்டிகை, தண்ணீர் ஊற்றியவரை விட்டு அயலாருக்குக் காய் கொடுக்கும் முடத்தெங்கு ஆகிய நான்கும் ஆகாதவருக்கு உவமை. பாடம் சொல்லத் தக்கவர்களின் பட்டியலில், நிறையப் பொருள் கொடுப்பவனையும் அது ஒளிவுமறைவில்லாமல் சேர்க்கிறது. ஆராய்ந்து பார்ப்பதும் பணத்தைப் பேசுவதும் நமக்குப் புதியவை அல்ல. நாம்தான் இடையில் மறந்துவிட்டோம்.

இன்றைக்கு ஆராய்வதற்கு இன்னும் வலுவான காரணம் இருக்கிறது. மருந்து எழுத மருத்துவரால்தான் முடியும், ஆலோசகரால் முடியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்பவர் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்கலாம், சரிபார்க்கவும் செய்யலாம். ஆனால் ‘கவுன்சலர்’ என்ற பலகையைச் சில வாரப் படிப்போடு மாட்டியவரும் இருக்கிறார், பல வருடம் முறையாகப் பயின்று இன்றும் ஒரு மூத்தவரிடம் தன் வேலையைக் காட்டித் திருத்திக்கொள்பவரும் இருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பலகையும் ஒன்றுதான். எங்கே படித்தீர்கள், என் மாதிரிப் பிரச்சினையோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா, உங்களுக்கு மேற்பார்வை யார் என்று கேளுங்கள். நல்ல ஆலோசகர் இந்தக் கேள்விகளால் முகம் சுளிப்பதில்லை. சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

முடத்தெங்கைத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். நன்னூலார் கல்வியைச் சொன்னார். எனக்கு அது ரகசியத்துக்கும் பொருந்துகிறது. இங்கே சொன்னது எந்த வீட்டு முற்றத்தில் போய் விழும்? 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் ரகசியத்தை உரிமையாக்கியிருக்கிறது. விதிவிலக்குகளும் அதிலேயே உண்டு. உயிருக்கு ஆபத்து, இன்னொருவருக்குத் தீங்கு நேரும் நிலை, நீதிமன்ற ஆணை என்றால் வாய் திறக்கலாம். ஒரு குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளாவது தெரிய வந்தால், போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். இவை முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியவை. ஆனால் நம் வீடுகளில் ரகசியம் கசிவது பெரும்பாலும் சட்டத்தின் வழியாக அல்ல. கட்டணம் கட்டும் அப்பா, “பையன் என்ன சொல்றான் சார்?” என்று ஃபோன் செய்வார். அக்கறைதான். குடும்பத்தை ஒதுக்கிவிட்டு இங்கே எந்தச் சிகிச்சையும் நடக்காது என்பாருக்கு வேலூர் சி.எம்.சி. மனநல மையமே சான்று. அங்கே நோயாளியோடு குடும்பமும் தங்குவது பல பத்தாண்டு வழக்கம். ஆனால் அது எல்லாருக்கும் தெரிந்தே நடப்பது. தெரியாமல் நடக்கும் ஒரு ஃபோன் பேச்சு மாதக்கணக்கில் சேர்ந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடும். வீட்டார் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்பதை முதல் செஷனிலேயே கேட்டு முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இடிந்துபோய் வருகிறவரால் இத்தனை கேள்வி கேட்க முடியுமா? இதுதான் உண்மையில் கடினமான மறுப்பு. முடியாது என்றே நானும் நினைக்கிறேன், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடியாது. ஆனால் முன்னரே தெரிந்துகொள்வதால் பலன் உண்டு என்பதற்குப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 1964இல், சிகிச்சை தொடங்கும் முன் ஒரு பகுதி நோயாளிகளிடம் உட்கார்ந்து, இங்கே என்ன நடக்கும், நீங்கள் என்ன செய்ய வேண்டும், இடையில் என்ன தடங்கல் தோன்றும் என்று விளக்கினார்கள். அப்படித் தயார் செய்யப்பட்டவர்கள் ஒழுங்காக வந்தார்கள், நன்றாகவும் தேறினார்கள். ஆகவே கேட்கத் தெம்பில்லாதவர் இரண்டு வரி எழுதி எடுத்துப் போகட்டும், அல்லது கூட வருகிறவர் கேட்கட்டும். அதுவும் முடியாத அளவுக்கு, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றும் இரவாக இருந்தால், பதிவு எண்ணும் கட்டணமும் அப்புறம். அடுத்த வார அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.