கணனியும் காலடியும்

கலாநிதிப் பட்டத்திற்கென ஆய்வு செய்பவன் மீண்டும் ஒரு வகுப்பறையில் மாணவனாய் அமர விரும்புவதில்லை. மூன்று ஆண்டுகளாக ஒரே பொருளோடு உண்டு உறங்கிய ஒருவனுக்கு, அப்பொருளிலே தனக்குக் கற்பிக்க இன்னொருவர் உளர் என்னும் எண்ணம் சற்றுக் கசக்கவே செய்யும். 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், இந்தியாவின் டேராடூன் நகரிலே, புவிசார் தகவல் அறிவியலையும் செயற்கை நுண்ணறிவையும் இணைத்து ஆராயும் கலாநிதிப் பட்ட மாணவர்க்கென நடைபெற்ற இருவாரப் பயிற்சிப் பள்ளியொன்றுக்கு நான் தெரிவானபோது என் மனநிலையும் இவ்வாறே இருந்தது. சான்றிதழைப் பற்றி எண்ணினேன். இமயமலையைப் பற்றி எண்ணினேன். கற்பதைப் பற்றி எண்ணியதாக நினைவில்லை.

என் ஆய்வைப் பற்றிச் சிறிது கூறியாக வேண்டும். வவுனியா மாவட்டத்துச் சிறு குளங்களைச் செய்மதிப் படங்களிலிருந்து கணனியே இனங்காணுமாறு செய்வது என் நோக்கம். நீர் நிற்கும் குளத்தைக் காண்பது பெரிய காரியமன்று; கைவிடப்பட்ட குளங்களே என் கவலை. உலர்வலயத்திலே குளங்கள் தனித்தனியே அமைந்தவையல்ல. மேற்குளம் வான் பாய்ந்த நீரும், வயலிற் பாய்ந்து கழிந்த நீரும் கீழ்க்குளத்தை அடையும் வகையில், ஒரே வடிநிலத்திற் சங்கிலி போல அமைந்தவை அவை. பேராதனைப் புவியியற் பேராசிரியர் மத்துமபண்டார 1985இல் எழுதிய கட்டுரைக்குப் பின்னர் இவ்வமைப்புக் குளத்தொடர் என்னும் கருத்தாக ஆய்வுலகில் நிலைபெற்றது. தொடரில் ஒன்று தூர்ந்தால் கீழுள்ளவையும் நலிவுறும். போர்க்காலத்திலே ஊர்கள் பெயர்ந்தன; ஊர் பெயர்ந்ததும் குளக்கட்டு உடைந்தது; அலைகரையிற் காடு ஏறியது. மீண்டு வந்தவர்கள் குளத்தைத் திருத்த முனையும்போது, வரைபடம் அவ்விடத்தைக் காடென்று கூறுமாயின், அங்கே மண்வெட்டி வைப்பதற்கும் அனுமதி வேண்டும். ஆகவே, ஒரு நிலத்துண்டு எந்நிறத்தில் வரையப்படுகின்றது என்பது எங்கள் பக்கத்திலே சோற்றோடு தொடர்புடைய விடயம்.

என் மாதிரியுரு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற் சரியாக விடையளித்தது. அம்முடிவைக் கொண்டு கட்டுரையொன்றை எழுதி, ஓர் ஆய்விதழுக்கும் அனுப்பிவிட்டே விமானம் ஏறினேன்.

டேராடூன் நில அளவையோடு நெடுங்காலத் தொடர்புடைய நகரம். 1802இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்து தொடங்கிய அளவைப் பணி, பல்லாண்டுகள் வடக்கு நோக்கி நகர்ந்து, அவருக்குப் பின்வந்த ஜோர்ஜ் எவரெஸ்ட் காலத்தில் இந்நகரத்தை அடுத்த மலைகளை எட்டியது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது அரைத்தொன் எடையுள்ள கோணமானியை ஏற்றுகையிற் கயிறு அறுந்து கருவி நசுங்கிய கதையை முதல் நாளே ஒரு விரிவுரையாளர் கூறினார். கூறும்போது அறையிலிருந்த ஒரே தமிழனாகிய என்னைப் பார்த்துச் சிரித்தும் கொண்டார். லாம்டன் வாரக்கணக்கில் இருந்து அதனைத் திருத்தினாராம். கொம்பியூட்டர் என்பது அக்காலத்தில் ஒரு பொறியின் பெயரன்று, ஓர் உத்தியோகத்தின் பெயர் என்பதையும் அவரிடமே அறிந்தேன். 1831இல் அவ்வுத்தியோகத்தில் அமர்ந்த வங்காளியான ராதாநாத் சிக்தாரின் பெயர், எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணித்த பணியோடு இன்றும் இணைத்துப் பேசப்படுகின்றது.

நாங்கள் முப்பது பேருக்குச் சற்றுக் குறைவு. நேபாளம், பூட்டான், வங்காளதேசம், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோரே ஏனையோர். இலங்கையிலிருந்து நான் ஒருவனே. காலையில் விரிவுரை, பிற்பகலிற் செய்முறை, இரவில் ஒருவர் ஆய்வை மற்றவர் கேட்டல் என நாட்கள் கழிந்தன. நண்பகலில் மட்டுமே சோறு. பாஸ்மதி அரிசிக்குப் பேர்போன ஊரிலே சோற்றுக்கு ஏங்க நேர்ந்ததை ஒரு முறைப்பாடாக இங்கே பதிவு செய்கின்றேன்.

இரண்டாம் நாட் செய்முறைக்கு யூரோசற் என்னும் தரவுத்தொகுதி தரப்பட்டது. செந்தினல்-2 செய்மதி எடுத்த படங்களிலிருந்து வெட்டிய 27,000 துண்டுகள். எல்லாம் ஐரோப்பிய நாடுகள் 34இன் நிலங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் பத்து வகைகளுள் ஒன்று பெயராக இடப்பட்டிருந்தது. இப்பெயர்க்குறிகளைப் பார்த்தே கணனி கற்கின்றது. மேய்ச்சல் நிலம் ஒரு வகை, நெடுஞ்சாலை ஒரு வகை, ஆறு ஒரு வகை, கடலும் ஏரியும் சேர்ந்து ஒரு வகை. குளம் என ஒன்றில்லை. நீர் தேங்கிய நெல்வயலும் இல்லை. ஆண்டிற் பாதி வயலாயும் பாதி ஏரியாயும் கிடக்கும் தன் நாட்டு நிலத்தை இந்தப் பத்தில் எதனுள் இடுவது என்று வங்காளதேசத்து நண்பர் கேட்டார். அதைச் சொல்வதற்குத்தானே உங்களை அழைத்தோம் என்றார் ஆசிரியர். நாசாவும் ஐபிஎம் நிறுவனமும் 2023இல் வெளியிட்ட பிரித்வி என்னும் பெரிய மாதிரியுருவும் எங்களுக்கு அறிமுகமாயிற்று. பிரித்வி என்றால் வடமொழியிற் பூமி. ஆனால் அதன் முதற்பதிப்பு ஐக்கிய அமெரிக்காவின் நிலப்படங்களைக் கொண்டே பயிற்றப்பட்டது. பெயர் வைத்தவர்களை நான் குறை கூறவில்லை. நானும் அப்போது இரண்டு குளத்தொடர்களை வைத்துக்கொண்டு வவுனியா மாவட்டம் என்று தலைப்பிட்டவன்தானே.

ஆனால் அதை நான் உணர்ந்தது ஐந்தாம் நாளில். அன்று என் முறை. படங்கள், அட்டவணைகள், தொண்ணூற்றுச் சொச்சம் என்னும் எண் யாவற்றையும் காட்டி முடித்து அமர முற்பட்டேன். மென்மையாகப் பேசும் அம்மையார் ஒருவர் அப்பிரிவுக்கு ஆசிரியர். “உங்கள் பயிற்சிப் புள்ளிகளையும் சோதனைப் புள்ளிகளையும் ஒரே வரைபடத்தில் இட்டுக் காட்ட முடியுமா?” என்று மட்டும் கேட்டார். பெயர்க்குறியிட்ட தரவுகளில் ஒரு பங்கைக் கற்பிப்பதற்குக் கொடுத்து, எஞ்சியதை மறைத்துவைத்துச் சோதிப்பது இத்துறையின் வழக்கம். நான் குலுக்கிப் போட்டுப் பிரித்திருந்தேன். நீலம் பயிற்சி, சிவப்புச் சோதனை என்று நிறமிட்டதும் எள்ளும் அரிசியும் கலந்தாற்போல் இரண்டும் எங்கும் விரவிக் கிடந்தன. ஒரே குளத்தின் ஒரு பாதியைக் கற்பித்து, மறுபாதியைக் கேள்வியாகக் கேட்டிருக்கின்றேன்! அண்மையிலுள்ளவை தொலைவிலுள்ளவற்றைக் காட்டிலும் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதைப் புவியியலின் முதல் விதியாக வால்டோ டொப்ளர் 1970இலேயே எழுதினார். அதனை நானும் முதலாம் ஆண்டு மாணவர்க்குப் பலமுறை கற்பித்திருக்கின்றேன்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பழமொழி பிழையன்று, அது ஒரு பானையைப் பற்றியது. நான் ஒரு பானையிற் பதம் பார்த்துவிட்டு ஊர்ப்பந்தி முழுவதற்கும் உறுதி கூறியிருந்தேன்.

அன்றிரவே மாவட்டத்தின் வடபகுதிக் குளத்தொடர்கள் அனைத்தையும் பயிற்சியிலிருந்து முற்றாக நீக்கி, மாதிரியுருவை மீண்டும் கற்பித்து, நீக்கியவற்றைக் கொண்டு சோதித்தேன். விடியும் வேளையில் முடிவு வந்தது. நீர் நின்ற குளங்களிற் பெரும்பாலானவை தப்பின. கைவிடப்பட்ட குளங்களிற் பாதிக்கு மேற்பட்டவற்றைக் கணனி காடு என்றது. யாருக்குப் பயன்படுமென்று மூன்றாண்டு உழைத்தேனோ, அவர்களுக்கு எதிராகவே அது சாட்சி கூறிற்று. பிழை கணனியினுடையதன்று. நான் நேரிற் கண்டவை பெருந்தெருவை அண்டிய இரு தொடர்கள் மாத்திரமே; மற்றவற்றுக்கெல்லாம் பேராதனை விடுதி அறையிலிருந்து, பழைய ஓரங்குல வரைபடத்தைப் பார்த்தே பெயர்க்குறி இட்டிருந்தேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை முசூரிக்கு அருகே ஹாத்திபாவோனில் எவரெஸ்ட் வாழ்ந்த வீட்டைக் காண எங்களை அழைத்துச் சென்றனர். எனக்கு வீட்டில் மனம் செல்லவில்லை. என் முகத்தைக் கண்டோ என்னவோ, குமாவோன் மலைநாட்டைச் சேர்ந்த மாணவரொருவர் அருகில் அமர்ந்து தம் ஊர்ப்பக்கத்து நைன் சிங் ராவத்தின் கதையைச் சொல்லத் தொடங்கினார். நைன் சிங் ஒரு பள்ளி ஆசிரியர். அந்நியர் நுழையவியலாத திபெத்தை அளப்பதற்காக 1863இல் இதே டேராடூனில் அவருக்குப் பயிற்சி அளித்தனர். பயிற்சியின் முதற்பாடம் நடை. மேடோ பள்ளமோ, ஓர் அடி மற்றோர் அடிக்கு ஒத்திருக்க வேண்டும். 2,000 அடிகள் ஒரு மைல். 108 மணிகள் இருக்க வேண்டிய செபமாலையில் அவருக்கு நூறே மணிகள். நூறு அடிக்கு ஒரு மணி தள்ளினால், மாலை ஒருமுறை சுற்றும்போது ஐந்து மைல். இவ்வாறு எண்ணிக்கொண்டே 1866இல் அவர் லாசாவை அடைந்தார். 1877இல் இலண்டன் அரச புவியியற் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தது. அவருடைய அடிகள் எந்த ஏகாதிபத்தியத்தின் வரைபடத்திற்கு உதவின என்பது வேறு கதை, அதையும் மறப்பதற்கில்லை. எனினும், நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் நடந்த ஒரு பயிற்சிப் பள்ளியிலே மாணவனுக்கு முதலிற் கற்பித்தது நடப்பதற்கு என்பது எனக்கு உறுத்திக்கொண்டேயிருந்தது.

அன்று மாலை என் மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைக் கூறினேன். அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

“நீர் அந்தக் குளங்களுக்குப் போனீரா?”

“இல்லை, சேர். வரைபடத்திலே பார்த்தேன்.”

“அப்ப போய்ப் பாருமன். கட்டுரையை என்ன செய்யிறதெண்டு நீரே யோசியும்.”

யோசித்தேன். புலமைப்பரிசில் முடிவதற்கு ஏழு மாதங்களே இருந்தன. குலுக்கிப் பிரித்துச் சோதித்த கட்டுரைகள் எத்தனையோ அச்சேறியுள்ளன. என் கட்டுரையை மதிப்பிடுவோரும் அந்த வரைபடத்தைக் கேளாமலே விடக்கூடும். இவ்வெண்ணம் இரண்டு இரவுகள் என்னோடிருந்தது என்பதை மறைப்பானேன்? புதன்கிழமை, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பதிப்பாசிரியருக்குக் கடிதம் எழுதினேன். பூட்டான் நண்பர் அதனைப் படித்து இரண்டு வாக்கியங்களைக் குறைத்தார். நான் தேவைக்கு மேல் மன்னிப்புக் கேட்டிருந்தேனாம்.

இரண்டாம் வாரத்திற் கற்றவையே இன்று எனக்குப் பெரிதும் உதவுகின்றன. எங்கள் குளங்கள் நிறைவது வடகீழ்ப் பருவமழையில். அப்போது வானம் முகிலால் மூடியிருக்கும். வானம் வெளிக்கும் கோடையிலே குளம் வற்றியிருக்கும். எனவே சாதாரணப் படங்களை மாத்திரம் நம்பியவன் குளத்தை அதன் நல்ல நாளிற் காண்பதே அரிது. முகிலை ஊடுருவும் ரேடார்ப் படங்களைச் சேர்த்துக்கொள்ளவும், 1980களின் லான்சற் படங்களிலே காடேறுவதற்கு முந்திய நீர்ப்பரப்பைத் தேடவும் அங்கேதான் பழகினேன். குறைந்த பெயர்க்குறிகளோடு கற்கவல்ல புதிய மாதிரியுருக்களையும் பயின்றோம். குறைந்தவை என்பதால் அவை ஒவ்வொன்றும் மெய்யாயிருக்க வேண்டும் என்பதை அம்மையார் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மாரி ஓய்ந்தபின், 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நீக்கி வைத்த வடபகுதித் தொடர்களுள் ஒன்றுக்குப் போனேன். கண்ணிவெடி அகற்றப்பட்ட பகுதியென்று கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்திக்கொண்ட பின்னர், எழுபது வயதைக் கடந்த வட்ட விதானையார் ஒருவர் வழிகாட்டினார். கால் மணி நேரம் முட்பற்றைகளுக்குள் நடந்திருப்போம்.

“தம்பி, இப்ப நீர் நிக்கிறது குளக்கட்டிலை,” என்றார்.

“எப்படி ஐயா தெரியும்?”

“மருதமரத்தைப் பாரும். காட்டிலை மரம் உப்பிடி வரிசையா நிக்குமே?”

பார்த்தேன். கணனியும் நானும் காடென்று கண்டதற்குள் மருதமரங்கள் ஒரே வரிசையாய் நின்றன. துருசின் கருங்கற்களில் இரண்டு வேர்களுக்கிடையே தெரிந்தன. கட்டின் நீளத்தைக் குறிக்க முயன்றேன். மரக்கவிப்பின் கீழ்ச் செய்மதி இடங்காட்டும் கருவி ஓரிடத்தில் நிற்காமற் பத்து மீற்றர் அங்குமிங்கும் தாவிற்று. அதனைப் பையில் இட்டுவிட்டேன். விதானையார் முன்னே கத்தியாற் கொடிகளை வெட்டிச் செல்ல, நான் பின்னே அடிகளை எண்ணிச் சென்றேன். கட்டு உடைந்த இடம்வரை முந்நூற்றுப் பன்னிரண்டு. குளத்தின் பெயரைக் கேட்டேன். ஓரங்குல வரைபடத்தில் இருந்தது வேறு. அவர் சொன்னதையே எழுதிக்கொண்டேன்.

இப்பொழுது என் மாதிரியுரு காட்டும் எண் முன்னையதிலும் வெகு குறைவு. ஆய்வேட்டில் அதுவே இடம்பெறுகின்றது. புலமைப்பரிசில் முடிந்துவிட்டது, ஒரு தனியார் கல்வி நிலையத்திற் படிப்பித்துக்கொண்டு வார இறுதிகளில் வவுனியாவுக்குப் போய் வருகின்றேன். அந்தத் தொடரில் இன்னும் நான்கு குளங்கள் மிச்சம். அவற்றுள் மேலேயுள்ளதற்கு மழைக்கு முன்பே வரும்படி விதானையார் சொல்லியனுப்பியிருக்கின்றார். பிந்தினால் யானைகள் இறங்கிவிடுமாம்.