முதற்படியும் சிவப்புப் பேனாவும்

எழுதும்பொழுது இன்பம், எழுதியதைத் திருத்தும்பொழுது துன்பம் என்று எழுத்தாள நண்பர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். எமக்கு அது தலைகீழ். வெள்ளைத் தாளைக் கண்டாலே காய்ச்சல் வந்துவிடும். இஷாத் தொழுகை முடித்து வந்து அமர்ந்தால், மூன்று வரி எழுதுமுன் மூன்று கோப்பைத் தேநீர் தீர்ந்துவிடும். முதற்படி ஒன்று எப்படியோ முடிந்துவிட்டாலோ, சிவப்புப் பேனாவும் கையுமாக இருக்கும் சுகமே தனி!

'போரும் அமைதியும்' நாவலைத் தோல்ஸ்தோய் திருத்தத் திருத்த, அவர்தம் துணைவியார் சோபியா சளையாது படியெடுத்துக் கொடுத்தார். 1922இல் வெளிவந்த எலியற்றின் 'பாழ்நிலம்' கவிதையின் கைப்பிரதியில் பெரும்பகுதிகளை வெட்டியவர் எஸ்ரா பவுண்ட். வெட்டுண்டவர் கோபிக்கவில்லை, கவிதையை வெட்டியவருக்கே காணிக்கையாக்கினார். இத்தகைய பெருமனம் நம்முள் எத்தனை பேருக்கு உண்டு?

காலமும் எல்லோர்க்கும் இடம் கொடுப்பதில்லை. பெரியநீலாவணைக் கவிஞர் நீலாவணன் 1975இல் காலமானார். அவருடைய 'வழி' தொகுதி நூலாகியது மறு ஆண்டிலேதான். எம் பகுதியின் வயல் வாழ்வைப் பாடிய அவரது 'வேளாண்மை' முற்றுப்பெறாத காவியமாகவே 1982இல் அச்சேறியது. மஹாகவி 1971இல் மறைந்தபின் அவர் ஆக்கங்களைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தவர் எங்கள் கல்முனைக்குடி நுஃமான். மறைந்தவரின் வரிகளைத் தொகுக்கலாம். 'இச்சொல் வேண்டாமே' என்று அவரிடம் சொல்ல இயலுமா?

மறைந்தவரைப் பற்றி நாமே எழுதிய வரிகளும் அப்படித்தான் போலும்.

2004 டிசம்பர் 26இல் கடல் எம் கரையில் ஏறியது. அதில் போன தங்கையைப் பற்றி எழுத எமக்குப் பதினைந்து ஆண்டுகள் சென்றன. எழுதியது நாற்பது பக்கம். படித்துப் பார்த்த மருதமுனை நண்பர், "மச்சான், கடல் வந்த கதை நம்மட ஊரில வீட்டுக்கு வீடு இருக்கு. உன்ட தங்கச்சியத்தான் இதுல காணல்ல," என்றார்.

அன்றுதான் சிவப்புப் பேனா எமக்குக் கனத்தது. அலை வந்த நேரம் போயிற்று. ஓடிய ஒழுங்கைகளும், கூடாரத்தில் கழித்த இரவுகளும் போயின. எஞ்சியவை ஒன்பது பக்கங்கள். அவற்றில் அவள் இடியப்பம் பிழிந்தாள். வாப்பாவின் சாரனை உடுத்து முற்றத்தில் கூத்தாடினாள். எம் பேனாவை ஒளித்துவிட்டு ஒன்றும் அறியாதவள்போல் நின்றாள்.

ஒரு வரியின் கீழே மட்டும் நண்பர் இரட்டைக் கோடு இட்டிருக்கிறார். 'தங்கச்சி தண்ணீர் கொண்டு வருகிறாள்' என்பது அவ்வரி. முன்னும் பின்னும் இறந்தகாலம் நிற்க, நடுவில் நிகழ்காலம் எதற்கு என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். கட்டுரை இன்னமும் எம் மேசைமேல் கிடக்கிறது.